பழைய காரில் புதிய குளிர்

கோயம்புத்தூரிலிருந்து களமசேரிக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 180 கிலோமீட்டர். வாளையாற்றைக் கடந்து, பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து, திருச்சூர், அங்கமாலி, ஆலுவா எனத் தொடரும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. சித்திரை மாதத்தில் அவ்வழியே பகலில் வருவோர் ஒரு மாற்றத்தை உடலால் உணர்வர். கோவையில் வெயில் சுடும்; ஆயினும் நிழலில் ஒதுங்கினால் வியர்வை உலர்ந்துவிடும். ஆலுவாவை நெருங்கும்போது வெயில் அவ்வளவு சுடுவதில்லை. ஆனால் நிழலில் நின்றாலும் வியர்வை உலர்வதில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். முன்னது வெப்பம், பின்னது புழுக்கம். தமிழில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன.

களமசேரியில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், 1978இல் வாங்கிய அம்பாசடர் கார் ஒன்றில் இவ்வழியே வந்து போவதாகக் கொள்க. காரைத் தாத்தா தம் கையாலேயே பேணி வருகிறார்; விற்க அவருக்கு மனமில்லை. பாட்டிக்கோ எழுபது வயது கடந்துவிட்டது. புழுக்கத்தில் மூச்சு வாங்குகிறது. சென்ற ஆண்டு திருச்சூரிலேயே இறங்கி, மீதி வழியைப் பேருந்தில் கடந்தார். "புதிய கார் வாங்கிவிடலாம், அப்பா" என்கிறார் மகன். "இந்தக் காருக்கே ஏசி போட்டால் போயிற்று" என்கிறார் தாத்தா.

தாத்தா சொல்வது நடக்கக்கூடியதே. இந்தியாவில் பலர் அவ்வாறு செய்துள்ளனர். ஆனால் அது காருக்குள் ஒரு பெட்டியை மாட்டி மூடிவிடும் வேலை அன்று. குளிர் என்பது எஞ்சின், மின்சாரம், ரேடியேட்டர், கதவு, தரை என அனைத்தின் மீதும் ஏறும் சுமை. எந்த உறுப்பு எவ்வளவு தாங்கும் எனக் கேட்காமல் பொருத்திய ஏசி, சில மாதங்களில் பயன்படாமல் போவதோடு காரையும் கெடுத்துவிடும்.

குளிரை எண்ணாமல் பிறந்த கார்

அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவத்தைக் கொண்டது. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அதனை 1958 முதல் 2014 வரை உருவாக்கியது. அதே காலத்தில் பம்பாயில் ஃபியட் கார்கள் உருவாயின. பின்னர் அவை பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்றன. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவாயிற்று. இம்மூன்றும் ஐரோப்பியக் குளிர்நாடுகளில் வரையப்பட்டவை. அங்கே காரை வெதுவெதுப்பாக வைப்பதே கவலை. கண்ணாடியை இறக்கினால் காற்று வரும் என்பதற்கு மேல் கோடைக்கென எதுவும் எண்ணப்படவில்லை.

1978ஆம் ஆண்டு அம்பாசடரில் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். இன்றைய சிறிய கார்கள் பலவும் இதைவிடக் கூடுதல் ஆற்றல் உடையவை. எடையிலோ அம்பாசடரைவிடக் குறைந்தவை. 1990களில் அந்நிறுவனமே அம்பாசடரில் ஏசி வைத்து விற்றது. ஆனால் எப்போது? ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1800 கன சென்டிமீட்டர் எஞ்சினை அதில் பொருத்திய பின்னர்தான். உடல் பழையது, இதயம் புதியது. செய்தவர்களே முதலில் எஞ்சினைத்தான் எண்ணினார்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

தண்ணீர் என்னும் சொல்

கொச்சியில் வளரும் பிள்ளைகள் குளிரைக் குறிக்கத் 'தணுப்பு' என்னும் மலையாளச் சொல்லை நாள்தோறும் கேட்கின்றனர். அதன் வேர் 'தண்' என்பது. தமிழிலும் அதே வேர் உண்டு: தண்மை, தண்ணிழல், தண்ணீர். தண் + நீர் என்பதே தண்ணீர்; அதாவது குளிர்ந்த நீர். ஆகவே 'சுடுதண்ணீர்' என்பது தன்னைத்தானே மறுக்கும் சொல். வெந்நீர் என்பதே பொருந்தும்.

நீருக்கும் குளிருக்கும் உள்ள உறவு சொல்லோடு நிற்பதில்லை. மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. மதுரையில் ஒரு பானை நீரைக் குளிர்விக்கும் அளவுக்கு மட்டாஞ்சேரியில் அதே பானை குளிர்விப்பதில்லை. காற்றிலேயே நீராவி மிகுந்திருப்பதால் பானை நீர் ஆவியாக இடம் போதவில்லை. வியர்வை உலராததற்கும் இதுவே காரணம்.

அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் ஒரு காலத்தில் காரின் சன்னலில் நீர் நிரப்பிய உருளை ஒன்றை மாட்டிக்கொண்டனர். ஓட்டத்தில் புகும் காற்று ஈரமான பஞ்சின் வழியே வந்து குளிரும். பாலைவனத்தில் அது நன்கு பயன்பட்டது. கொச்சியில் அதனை மாட்டினால் காருக்குள் இன்னும் கொஞ்சம் புழுக்கம் சேரும், அவ்வளவே. ஈரம் மிகுந்த ஊரில் நீரை ஆவியாக்கிப் பயனில்லை. காற்றிலுள்ள ஆவியை நீராக்கி வெளியேற்ற வேண்டும்.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1902இல் வில்லிஸ் கேரியர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்த காற்றுப் பதன முறை, மனிதரின் சுகத்திற்காகத் தோன்றியதன்று. நியூயார்க் நகரின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில், ஈரக் காற்றால் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியவில்லை. காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தவே அவர் அம்முறையை அமைத்தார். அச்சு எந்திரங்களைச் செய்த எச்.எம்.டி. ஆலை அமைந்த களமசேரிக்கு இச்செய்தி அந்நியமானதன்று.

வெப்பத்தை இடம் மாற்றும் வேலை

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. அதனைச் சுமந்து செல்வது குழாய்களுக்குள் சுற்றிவரும் ஒரு வேதிப்பொருள். பட்டறைகளில் அதனைக் 'கேஸ்' என்பர். இன்று பழைய கார்களில் பெரும்பாலும் நிரப்பப்படும் ஆர்-134ஏ என்னும் பொருள், வளிமண்டல அழுத்தத்தில் சுழியத்திற்குக் கீழ் 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும்.

காரினுள் இருக்கும் கூலிங் காயிலில் அது ஆவியாகிறது. ஆவியாகும்போது காரின் காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியை எஞ்சினால் சுழலும் கம்ப்ரசர் இழுத்து, அழுத்தி, மிகு வெப்பமுடையதாக்கி, காரின் முகப்பில் உள்ள கண்டன்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெளிக்காற்று பட்டு, ஆவி மீண்டும் நீர்மமாகிறது. உறிஞ்சிய வெப்பம் வெளியேறுகிறது. டிரையர் என்னும் சிறு கலத்தைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் மிகக் குறுகிய வழியில் நுழைந்து, அழுத்தம் குறைந்து, அந்நீர்மம் மறுபடியும் கூலிங் காயிலுக்கு வந்து சேர்கிறது. மண்பானையில் நடந்த அதே செயல்தான்; ஆனால் இங்கே ஆவியான பொருள் காற்றில் கலந்து போவதில்லை, பிடித்து இழுத்து மீண்டும் பயன்படுத்தப்படுகிறது.

ஏசியின் திறனை 'டன்' என்னும் அளவால் குறிப்பர். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுதும் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பமே அவ்வளவு, ஏறத்தாழ 3.5 கிலோவாட். பனிக்கட்டியை வெட்டி விற்ற காலத்தின் எச்சம் அச்சொல். அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் சென்னைக்கு வந்ததும், அதனைச் சேமிக்கக் கடற்கரையில் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குவதும் பலர் அறிந்தவை. ஒரு படுக்கையறைக்கு ஒரு டன் போதும். அதனினும் மிகச் சிறிய காருக்குள்ளும் ஒரு டன்னுக்குக் குறையாமல் வேண்டும். நாற்புறமும் கண்ணாடி, மேலே காயும் இரும்புக் கூரை, முன்னே கொதிக்கும் எஞ்சின் என்றால் அறை எப்படி அறையாகும்?

கொச்சியில் அந்த ஒரு டன்னும் எதற்குச் செலவாகிறது என்பதை ஒரு கணக்கால் காணலாம். 32 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உடைய காற்றின் ஒரு கனமீட்டரில் ஏறத்தாழ 25 கிராம் நீராவி இருக்கும். அதை 8 பாகைக்குக் குளிர்வித்தால் 8 கிராம்தான் தங்கும். 17 கிராம் நீராகப் பிரியும். அந்நீரைப் பிரிக்க ஏறத்தாழ 41 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். காற்றைக் குளிர்விக்க வேண்டியதோ 28 கிலோஜூல்தான். அதாவது பாதிக்கும் மேற்பட்ட உழைப்பு காற்றைப் பிழிவதற்கே போகிறது. 35 பாகையும் 35 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கோவைக் கோடைப் பகலில் இதே கணக்கைப் போட்டால், நீருக்கு 14, காற்றுக்கு 31 என வரும். வாளையாற்றுக்கு அப்பால் போதுமானதாக இருந்த ஏசி, களமசேரியில் திணறுவதன் பொருள் இதுதான்.

எஞ்சின் தாங்குமா?

கம்ப்ரசரைச் சுழற்ற மூன்று முதல் ஐந்து குதிரைத்திறன் வேண்டும். நெடுஞ்சாலையில் ஐம்பதில் ஐந்து போவது பெரிதாகத் தெரியாது. களமசேரிச் சிக்னலில் நிற்கும்போது தெரியும். அப்போது எஞ்சின் மெல்லச் சுழன்று, தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும் அளவுக்கே ஆற்றல் தருகிறது. அந்நிலையில் கம்ப்ரசர் சேர்ந்தால் எஞ்சின் குலுங்கி அணைந்துபோகும். ஆகவே ஏசி இயங்கும்போது மட்டும் கார்புரேட்டரைச் சிறிது திறந்து, வேகத்தைக் கூட்டும் ஓர் அமைப்பைச் சேர்க்க வேண்டும். அதற்கும் முன்னதாக, எஞ்சினின் அமுக்கம் நான்கு சிலிண்டர்களிலும் சரியாக உள்ளதா எனச் சோதிக்க வேண்டும். புகை விடும் எஞ்சினுக்கு ஏசி பொருத்துவது, காய்ச்சல்காரர் தலையில் மூட்டை ஏற்றுவது போன்றது.

கம்ப்ரசர் எப்போதும் சுழலத் தேவையில்லை. அதன் கப்பியில் உள்ள மின்காந்தக் கிளட்ச், வேண்டும்போது இணைத்தும் வேண்டாதபோது விலக்கியும் விடுகிறது. 1939இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் முதன்முதலாகக் காரில் ஏசி வைத்து அறிமுகம் செய்தபோது இந்தக் கிளட்ச் இல்லை. குளிர் போதும் என்று எண்ணியவர், எஞ்சினை நிறுத்தி, இறங்கி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது! கூலிங் காயில் பின் இருக்கைக்குப் பின்னால் அமர்ந்து பெட்டி வைக்கும் இடத்தையும் விழுங்கியது. அந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை.

கம்ப்ரசரை எங்கே பொருத்துவது என்பதில்தான் பட்டறைக்காரரின் திறமை தெரியும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்து அதிர்ந்துகொண்டே இருக்கிறது. காரின் உடல் அவ்வாறு அதிர்வதில்லை. எனவே கம்ப்ரசரை உடலில் பொருத்தினால் பெல்ட் ஒரு கணம் இறுகும், மறுகணம் தளரும். எஞ்சினிலேயே உறுதியான இரும்புத் தாங்கி செய்து, இரண்டும் சேர்ந்து அதிருமாறு அமைக்க வேண்டும். கிராங்கு கப்பியும் கம்ப்ரசர் கப்பியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். சிறிது விலகினாலும் பெல்ட் கீச்சிட்டு, ஓரம் தேய்ந்து, ஒரு நாள் அறும். முன்பு பொருத்தப்பட்ட இரண்டு பிஸ்டன் கம்ப்ரசர்கள் கனமானவை, எஞ்சினை உலுக்குபவை. ஜப்பானின் சாண்டன் நிறுவனம் செய்த ஐந்து பிஸ்டன் கம்ப்ரசர் சிறியது, சீராகச் சுழல்வது. பழைய கார்களுக்கு அத்தகையதே ஏற்றது.

அடுத்தது ரேடியேட்டர். கண்டன்சர் அதற்கு முன்னால் நிற்பதால், இதுவரை வெளிக்காற்றைப் பெற்றுவந்த ரேடியேட்டர் இனிச் சுடுகாற்றைப் பெறும். மேட்டில் ஏறும்போதும் நெரிசலில் நிற்கும்போதும் எஞ்சின் கொதிக்கும். ரேடியேட்டரைக் கழற்றி உட்குழாய்களைத் துலக்கி, தேவையானால் அகலமான உள்ளகம் வைத்து, கண்டன்சருக்குத் தனி மின்விசிறி சேர்க்க வேண்டும். நீரின் வெப்பம் எல்லை மீறினால் கம்ப்ரசரைத் தானே நிறுத்தும் சுவிட்சு ஒன்றும் தேவை. விலை மிகக் குறைந்த உறுப்பு அது. எஞ்சினைக் காப்பதும் அதுவே.

மின்சாரக் கணக்கு

பழைய அம்பாசடரில் மின்சாரம் தருவது டைனமோ. இந்தியக் கார்களுக்கு வேண்டிய மின்கருவிகளைச் செய்ய 1961இல் சென்னைப் பாடியில் லூக்காஸ்-டி.வி.எஸ். நிறுவனம் தொடங்கப்பெற்றது, அக்காலக் கார்களின் மின்சாரத்தில் பெரும் பங்கு தமிழ்நாட்டுக் கைகளுடையது எனலாம். அக்கால டைனமோ ஒன்று, எஞ்சின் வேகமாக ஓடும்போது ஏறத்தாழ 22 ஆம்பியர் தரும். மெல்ல ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது.

மழைபெய்யும் இரவு ஒன்றை எண்ணிப் பார்க்க. முன்விளக்குகளுக்கு 7.5 ஆம்பியர், வைப்பருக்கு 3, எஞ்சினின் தீப்பொறிக்கு 4, பின்விளக்கு முதலியவற்றுக்கு 2. இதுவே 16.5 ஆயிற்று. இதனோடு ஏசியின் காற்றூதிக்கு 8, கிளட்சுக்கு 4, கண்டன்சர் விசிறிக்கு 8 சேர்த்தால் மொத்தம் 36.5. வரவு 22, செலவு 36.5. மீதியை பேட்டரி கொடுக்கும். பேட்டரி தீர்ந்ததும் கார் நிற்கும், பெரும்பாலும் இடப்பள்ளிச் சந்திப்பு போன்றதொரு நெரிசலில். எனவே டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் வைத்தே ஆக வேண்டும். அது மெல்ல ஓடும்போதும் மின்சாரம் தரும். கிளட்சுக்கும் விசிறிக்கும் தடித்த தனிக் கம்பிகளும் ரிலேயும் ஃபியூசும் வேண்டும். நாற்பது ஆண்டுக் கம்பியின் மேலுறை வெடித்திருக்கும். அதிலேயே புதிய சுமையை ஏற்றுவது தீவிபத்துக்கு அழைப்பு.

குழாய், கேஸ், ஈரம்

1980களில் பொருத்திய பழைய ஏசிப் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று யாரேனும் சொன்னால் தாத்தா எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதில் ஓடியது ஆர்-12. அதிலுள்ள குளோரின் வானத்தின் ஓசோன் படலத்தை அழிக்கும் என்பதை 1974இல் மொலினா, ரோலண்டு என்னும் இரு வேதியியலாளர் எடுத்துரைத்தனர். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியலில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. 1992இல் இந்தியாவும் இணைந்தது. இன்று ஆர்-12 வழக்கிலிருந்து நீங்கிவிட்டது. அதற்கான எண்ணெய் ஆர்-134ஏவோடு கலக்காது. பழைய ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியே புதிய கேஸ் மெல்லக் கசிந்துவிடும். ஆகவே குழாய், எண்ணெய், வளையங்கள் யாவும் புதிய கேஸுக்கு உரியனவாக இருத்தல் வேண்டும்.

ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் ஒரு நூற்றாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு பூமியைச் சூடேற்ற வல்லது. ஒரு காரில் 700 கிராம் நிரப்பி, அது முழுதும் கசிந்தால், ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயுவை வெளியிட்டதற்கு ஈடாகும். "கொஞ்சம் கசியும், ஆண்டுதோறும் நிரப்பிக்கொள்ளலாம்" என்று சொல்லும் பட்டறையை விட்டு அகல்வது நல்லது.

கொச்சியில் குழாய்களைத் திறந்து வைத்தாலே ஈரக்காற்று உள்ளே நுழையும். அந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாகி வழியை அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அதனால் குழாய் முனைகளின் மூடிகளைப் பொருத்தும் கணம் வரை கழற்றலாகாது. டிரையரை எல்லாவற்றுக்கும் கடைசியாகவே திறக்க வேண்டும். பின்னர் வெற்றிடப் பம்பு கொண்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவர். 30 பாகை வெப்பத்தில், வளிமண்டல அழுத்தத்தின் இருபத்து நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் நீர் தானே கொதித்து ஆவியாகி வெளியேறும். மழைக்காலத்தில் இந்த வேலைக்கு ஒரு மணி நேரமேனும் தர வேண்டும். பத்து நிமிடத்தில் முடிக்கும் அவசரக்காரர்களே மிகுதி.

குளிர் தங்கும் இடம்

பழைய அம்பாசடரில் கியர்க்கோல் ஸ்டீயரிங் தண்டோடு இணைந்திருக்கும். முன்னிருக்கை ஒரே நீளப் பலகை. நடுவில் தரை காலியாக இருப்பதால் கூலிங் காயிலும் காற்றூதியும் அடங்கிய பெட்டியை டாஷ்போர்டின் கீழே நடுவில் தொங்கவிடலாம். முன்னால் மூவர் அமரும் வழக்கம் அத்தோடு முடியும். நடுவில் இருப்பவரின் முழங்கால் பெட்டியில் இடிக்கும். பேரப்பிள்ளைகளில் ஒருவர் பின்னிருக்கைக்குப் போகத்தான் வேண்டும்.

குளிரைத் தங்கவைப்பது கடினமான வேலை. கதவு ரப்பர்கள் இறுகியிருக்கும். கிளட்ச், பிரேக் மிதிகள் வரும் துளைகளிலும் கம்பிகள் நுழையும் துளைகளிலும் எஞ்சின் வெப்பம் உள்ளே வரும். இவற்றை அடைத்து, கூரைத் துணிக்கு உள்ளேயும் தரை விரிப்புக்கு அடியிலும் வெப்பம் தடுக்கும் விரிப்பு இட்டால், அதே ஏசி இருமடங்கு நல்லதாகத் தோன்றும். கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டும் ஆசை பலருக்கு எழும். முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது சட்டம்.

பிழிந்தெடுத்த நீர் எங்கே போகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கூலிங் காயிலின் அடித்தட்டில் சொட்டும் அந்நீர், சரிவான குழாய் வழியே தரையைக் கடந்து வெளியேற வேண்டும். குழாய் எங்கேனும் மேலே வளைந்தால், அல்லது தூசி அடைத்தால், நீர் விரிப்பின் அடியில் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு மழைக்காலம் கழித்து விரிப்பைத் தூக்கினால் தரைத்தகடு துருப்பிடித்து உதிரும். அம்பாசடருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகட்டு உடலே அதன் எலும்பு. குளிருக்கு ஆசைப்பட்டு எலும்பை இழந்த கார்கள் ஈரக் கரையோர ஊர்களில் உண்டு.

துளையிடும் முன்

2021 ஜூலையில் நடுவண் அரசு பழங்கார்களுக்கென விதி வகுத்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, உடல், அடிச்சட்டம், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி மூல வடிவிலேயே பேணப்பட்ட கார் 'விண்டேஜ்' எனப் பதிவாகலாம். அதன் எண்ணில் 'விஏ' என்னும் எழுத்துகள் இடம்பெறும். ஆனால் அவ்வாறு பதிந்த காரை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்தலாகாது. காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். தாத்தாவின் கார் 2028இல் ஐம்பதை எட்டும். அவர் முன் இரண்டு வழிகள் உள்ளன: காரைக் காட்சிப்பொருளாகப் பேணுவது, அல்லது பாட்டியை ஏற்றிச் செல்லும் காராக வைத்துக்கொள்வது. கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜீடீ கார் அருங்காட்சியகத்தில் பழங்கார்கள் அழகாக நிற்கின்றன. ஆனால் யாரும் அவற்றில் ஊருக்குப் போவதில்லை.

இரண்டாவது வழியைத் தேர்ந்தாலும் முதல் வழியை அடைத்துவிடத் தேவையில்லை. இருக்கும் துளைகளைக் கொண்டே தாங்கிகளைப் பொருத்தலாம். டாஷ்போர்டை அறுக்காமல் கீழே பெட்டியைத் தொங்கவிடலாம். கழற்றிய டைனமோவையும் பழைய கப்பியையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரணில் வைக்கலாம். பின்னொரு நாள் பேரப்பிள்ளைகள் விரும்பினால் நான்கு நாள் வேலையில் கார் தன் பழைய நிலையை அடையும்.

சட்டத்தையும் கேட்டறிய வேண்டும். கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், தயாரிப்பாளர் வகுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கலாகாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த மாற்றத்துக்கு ஒப்புதல் வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன் காக்கநாட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குவது அறிவுடைமை. இத்தனைக்கும் பொறுமை இல்லாதவர், விடியற்காலை நான்கு மணிக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் புறப்படலாம். பழைய காருக்கு அது மிகப் பொருத்தமான ஏசி.

வேலை முடிந்த காரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தால் போதாது. நண்பகல் வெயிலில் அரைமணி நேரம் நிறுத்தி, விளக்குகளையும் வைப்பரையும் போட்டு, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, காற்று வரும் வாயில் ஒரு வெப்பமானியைச் செருக வேண்டும். அது 12 பாகைக்கு அருகே நின்று, எஞ்சின் வெப்பமும் ஏறாமல், மின்னோட்டமானியின் முள்ளும் இறங்காமல் இருந்தால் வேலை சரி. அப்போது காரின் அடியில் நீர் சொட்டத் தொடங்கும். ரேடியேட்டர் ஒழுகுகிறதோ எனப் பாட்டி அஞ்சக்கூடும். விரல் நுனியில் ஒரு சொட்டை ஏந்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: ரேடியேட்டர் நீர் சுடும், இதுவோ தண்ணீர்.